குழந்தைகள் வார்டில் இரவும் பகலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதுபவள் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள், வீடு தண்டையார்பேட்டை. காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர், எண்ணூர் என எந்தப் பக்கத்திலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாலும் அம்மாக்களும் பாட்டிகளும் கேட்கும் சந்தேகங்கள் ஏறத்தாழ ஒன்றுதான். அவற்றில் பாதி, "இப்போதே சொல்லலாமா, விடியட்டுமா?" என்பதில் வந்து நிற்கும். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். வைத்தியம் சொல்வது மருத்துவரின் வேலை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பவர் எதைப் பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும் என்பது மட்டுமே இங்கே உண்டு.

நான் படித்தவள் இல்லை. குழந்தை மோசமாகிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

படிப்பு வேண்டாம். மூச்சு, நிறம், நடத்தை மூன்றையும் பாருங்கள். மூச்சு விடக் கஷ்டப்படுகிறதா? உதடும் நாக்கும் வெளுத்தோ நீலம் பாரித்தோ இருக்கின்றனவா? உங்களைப் பார்க்கிறதா, கூப்பிட்டால் திரும்புகிறதா, கேட்டதை வாங்கிக் குடிக்கிறதா? உலகம் முழுவதும் குழந்தைகள் வார்டில் மருத்துவர்களும் செவிலியரும் முதலில் பார்ப்பது இந்த மூன்றைத்தான்.

உங்களிடம் இருக்கும் ஒன்று மருத்துவரிடம் கிடையாது. நேற்றுக் குழந்தை எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ரவுண்ட்ஸில் வருபவர் சில நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறார். "எப்போதும் ஊசியைக் கண்டால் கத்துவான், இன்று போட்டபோது சும்மா இருந்தான்" என்று ஒரு தாய் சொன்னால், அனுபவமுள்ள எந்தச் செவிலியரும் எழுந்து வந்து பார்ப்பார்.

மூச்சை எப்படி எண்ணுவது? எத்தனை இருந்தால் பயப்பட வேண்டும்?

சட்டையைத் தூக்கிவிட்டு, வயிறு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்கக் கூடாது. சின்னக் குழந்தையின் மூச்சு சீராக இருக்காது. அழும்போதும் பால் குடிக்கும்போதும் எண்ணாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் வரம்பு இது: இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60-ம் அதற்கு மேலும், 2 மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ம் அதற்கு மேலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ம் அதற்கு மேலும் இருந்தால் அது வேகமான மூச்சு.

எண்ணிக்கையைவிட முக்கியமானது, மூச்சுக்காகக் குழந்தை படும் பாடு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது, மூக்குத் துவாரம் விடைப்பது, ஒவ்வொரு மூச்சு விடும்போதும் முனகுவது, மூச்சுக்கு ஒரு தடவை தலை ஆடுவது. இவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் எண்ணி முடிக்கும்வரை காத்திருக்காதீர்கள்.

நோய் ராத்திரியில்தான் கூடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அது உண்மையா?

சில நோய்களுக்கு உண்மை. இழுப்பு உள்ள குழந்தைக்கு மூச்சுக்குழாய் பின்னிரவில்தான், குறிப்பாக அதிகாலை நான்கு மணியை ஒட்டி, அதிகம் சுருங்கும். உடலில் தானாகச் சுரந்து வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசால் நள்ளிரவை ஒட்டிக் குறைந்துவிடுவது அதற்கு ஒரு காரணம். நாய் குரைப்பது போன்ற இருமலோடு வரும் குரல்வளை வீக்கமும் இரவில்தான் முற்றும். சத்துக்குறைவான குழந்தை இரவெல்லாம் ஒன்றும் சாப்பிடாமல் கிடந்தால் அதிகாலையில் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். அத்தகைய குழந்தைக்கு, ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் சர்க்கரை 54 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே உடனே சிகிச்சை தர வேண்டும்.

மற்ற பல நோய்கள் நேரம் பார்த்து வருவதில்லை. இரவில் கூடுவதாகத் தோன்றக் காரணம், இரவில் நாம் பார்ப்பது குறைவு என்பதுதான். விளக்கு மங்கல், ஆள் குறைவு, குழந்தை போர்வைக்குள், அம்மா அசதியில். மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய மாற்றம் காலை ஆறு மணிக்குக் கண்ணில் படும்போது "ராத்திரியோடு ராத்திரியாக மோசமாகிவிட்டது" என்கிறோம். அமெரிக்க மருத்துவமனைகளில் இதயம் நின்றுபோன பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளைப் பார்த்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. பகலில் அப்படி ஆன குழந்தைகளைவிட இரவில் ஆன குழந்தைகள் பிழைத்து வீடு திரும்பியது குறைவு. வசதியான நாட்டிலேயே அப்படி.

சாயங்காலம் ஆனால் காய்ச்சல் ஏறுகிறதே, மருந்து வேலை செய்யவில்லையா?

நல்ல உடம்பிலும் வெப்பம் அதிகாலையில் குறைந்து, பிற்பகலுக்கு மேல் மாலைவரை ஏறும். காய்ச்சல்காரக் குழந்தைக்கும் அதே ஏற்ற இறக்கம் உண்டு. ஆகவே இன்று மாலையை நேற்று மாலையோடு ஒப்பிடுங்கள். இன்று காலையோடு ஒப்பிட்டுக் கலங்காதீர்கள். காய்ச்சல் இறங்கியபின் குழந்தை எழுந்து விளையாடினால் பெரும்பாலும் நிம்மதி. இறங்கியும் துவண்டே கிடந்தால் சொல்லுங்கள்.

இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸ் தொட்டாலும் ஆபத்து, 35.5-க்குக் கீழே போனாலும் ஆபத்து. தொட்டால் சில்லென்று இருக்கும் பச்சைக் குழந்தையைப் பார்த்து "காய்ச்சல் இல்லை" என்று யாரும் சந்தோஷப்படக் கூடாது.

இப்போதுதான் அசந்து தூங்குகிறான். சிஸ்டர் வந்து எழுப்புகிறார். ஏன் இப்படிச் செய்கிறார்கள்?

அதிகமாக வந்த புகார் இது. கோபம் நியாயமானதுதான். ஆனால் தூங்குகிற குழந்தையும் மயக்கத்துக்குப் போகிற குழந்தையும் போர்வைக்கு வெளியே நின்று பார்த்தால் ஒரே மாதிரி இருக்கும். தொடாமல் பார்த்துவிட்டு "குழந்தை தூங்குகிறது" என்று எழுதிப் போவதுதான் இரவு வார்டின் மிகப் பெரிய ஓட்டை என்பது என் எண்ணம்.

வித்தியாசம் எழுப்பும்போதுதான் தெரியும். தூங்கும் குழந்தை தொட்டால் நெளியும், கையைத் தட்டிவிடும், சிணுங்கும், அம்மாவைத் தேடும், பிறகு தூங்கும். அந்தச் சிணுங்கல்தான் நமக்கு வேண்டியது. மோசமாகும் குழந்தை பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறக்காது. அல்லது திறந்து, உங்களைப் பார்க்காமல் எங்கோ பார்த்துவிட்டுச் செருகிக்கொள்ளும். தூக்கினால் தலை தொங்கும். மருத்துவர்கள் இதை நான்கு படியாக வைத்திருக்கிறார்கள்: தானாக விழிப்பு, குரலுக்கு விழிப்பு, வலிக்கு மட்டும் அசைவு, எதற்கும் அசைவில்லை. குரலுக்கு எழாமல் வலிக்கு மட்டும் அசைகிற குழந்தையை அப்போதே மருத்துவர் பார்த்தாக வேண்டும்.

வலிப்பு மருந்தோ, தூக்கம் வரவைக்கும் வேறு மருந்தோ கொடுத்திருந்தால் குழந்தை அசந்துதான் இருக்கும். எப்போது கொடுத்தார்கள், எத்தனை மணிக்குத் தெளிய வேண்டும் என்று கொடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரம் தாண்டியும் தெளியவில்லை என்றால் மருந்தைக் காரணம் காட்டி விட்டுவிடக் கூடாது.

தூங்கும்போது நாடியும் மூச்சும் குறைவாகத்தானே இருக்கும்? அப்போது பார்த்து என்ன பயன்?

நல்ல கேள்வி, கேட்டவர் மணலி ஆலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கும் ஒரு தந்தை. தூக்கத்தில் இரண்டும் குறைவது இயல்பு. அதனால்தான் தூக்கத்தில் எடுத்த கணக்குக்கு மதிப்பு அதிகம். பகலில் நாடி ஓடினால் அழுகை, பயம், ஊசி, காய்ச்சல் என ஆயிரம் காரணம் சொல்லலாம். காய்ச்சலும் இல்லாமல் அமைதியாகத் தூங்கும்போதும் நாடி ஓடிக்கொண்டே இருந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்: நீர்ச்சத்துக் குறைவு, ரத்தக்கசிவு, கிருமித் தொற்று ரத்தத்தில் பரவியது, இதயக் கோளாறு.

எனவே சிஸ்டர் வந்தால் முதலில் தூக்கத்தோடு நாடியையும் மூச்சையும் எண்ணட்டும், பிறகு எழுப்பட்டும். இந்த வரிசையை நீங்களே கேட்டு வாங்கலாம்.

ராத்திரி விளக்கில் முகம் எப்போதும் மஞ்சளாகத்தான் தெரிகிறது. நிறத்தை எப்படிப் பார்ப்பது?

மஞ்சள் விளக்கில் வெளுப்பும் நீலமும் மறைந்துவிடும். கைபேசி டார்ச்சின் வெள்ளை ஒளியைக் கண்ணில் அடிக்காமல் பக்கவாட்டில் பிடித்து, உதட்டின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை மூன்றையும் பாருங்கள். நம் பிள்ளைகளின் மாநிறத்திலும் கருநிறத்திலும் கன்னத்தைப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது. உள்ளங்கையை உங்கள் உள்ளங்கையோடு சேர்த்து வைத்துப் பார்த்தால் வெளுப்பு உடனே தெரியும்.

நெஞ்சு நடுவில் விரலால் ஐந்து நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். மூன்று நொடிக்கு மேல் ஆனால் ரத்த ஓட்டம் சரியில்லை.

விரலில் மாட்டும் மெஷினில் 97 காட்டுகிறது. அப்புறம் என்ன பயம்?

மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் காற்றில் 97 என்பதும், நிமிடத்துக்கு நான்கு லிட்டர் ஆக்சிஜனில் 97 என்பதும் வேறு வேறு. நேற்று ஒரு லிட்டரில் 97, இன்று நான்கு லிட்டரில் 97 என்றால் குழந்தை மோசமாகியிருக்கிறது. எண்தான் மாறாமல் இருக்கிறது. கேஸ் ஷீட்டில் எண்ணோடு லிட்டரும் எழுதப்படுகிறதா என்று கேளுங்கள். அந்தக் கருவி மூச்சுக்காகப் படும் பாட்டை அளப்பதும் இல்லை. அதற்கு இரண்டாவது கேள்வியில் சொன்ன குழியும் முனகலும்தான் அளவு.

கை சில்லிட்டிருந்தாலும், குழந்தை காலை உதைத்துக்கொண்டிருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் எண் பிசகும். கருமையான தோலில் கருவி உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் 2020 முதல் வந்த ஆய்வுகள் பேசுகின்றன. எல்லைக்கோட்டில் நிற்கும் எண்ணை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மெஷின் சும்மா சும்மா கத்துகிறது. அணைத்துவிடலாமா?

நீங்கள் அணைக்காதீர்கள். குழந்தையைப் பாருங்கள், ஒயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள், சிஸ்டரைக் கூப்பிடுங்கள். வீண் சத்தம் அதிகமானால் வார்டே காதை மூடிக்கொள்ளும் என்பது உண்மைதான். அதற்கு அவர்கள் அலாரத்தின் அளவைக் குழந்தையின் வயதுக்கேற்ப மாற்றி வைக்க வேண்டும்.

டெங்கு என்றார்கள். இன்று காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டுக்குப் போகலாமா?

இன்றுதான் போகக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு நம் பகுதியில் எல்லா வார்டும் நிரம்பும் காலத்தில் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறேன். டெங்குவில் ஆபத்தான கட்டம், காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் தொடங்குகிறது. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நெஞ்சிலும் சேரும். 24 முதல் 48 மணி நேரம் அது நீடிக்கும். தொட்டால் சூடு இல்லை. குழந்தை "அமைதியாக" இருக்கிறது. வீட்டார் நிம்மதியாக டீ குடிக்கப் போகிறார்கள்.

இந்தக் கட்டம் இரவில் வந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். விடாத வயிற்றுவலி, திரும்பத் திரும்ப வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கறுப்பாக மலம், அமைதியின்மையும் சோர்வும் மாறிமாறி வருவது, கை கால் சில்லிடுவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது. ஏதாவது ஒன்று தெரிந்தாலும் நேரம் பார்க்காமல் எழுப்புங்கள். பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டுமே கேட்டுக்கொண்டிருக்கிறோம். ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டும் ஹீமட்டோகிரிட் ஏறுகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பப்பாளி இலைச் சாறு வாங்க அப்பாவை வெளியே அனுப்பிவிட்டு, கையெழுத்துப் போட ஆள் இல்லாமல் தவித்தவர்களும் உண்டு.

கசிவு நின்றபின் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பும். அப்போதும் டிரிப்ஸ் ஓடிக்கொண்டே இருந்தால் கண் இமை வீங்கும், மூச்சு வாங்கும். "இன்னும் ஒரு பாட்டில் ஏற்றுங்கள்" என்று கேட்பது உதவி ஆகாது.

வீசிங் சத்தம் நின்றுவிட்டது, மூச்சும் மெதுவாகிவிட்டது. சரியாகிவிட்டதுதானே?

குழந்தை உட்கார்ந்து பேசுகிறதா, தண்ணீர் கேட்கிறதா? அப்படியானால் சரியாகி வருகிறது. பேச்சில்லை, வியர்த்துக் கொட்டுகிறது, விலாக்குழி இன்னும் விழுகிறது, கண் சொருகுகிறது என்றால் அது களைப்பு. விசில் சத்தம் வரவும் காற்று உள்ளே போய் வர வேண்டும். காற்றே போகாத நெஞ்சில் சத்தம் இருக்காது. அறுபது முறை மூச்சு வாங்கிய குழந்தை மருந்தில்லாமல் திடீரென்று முப்பதுக்கு வந்தால் அது நின்றுபோவதற்கு முந்தைய படியாக இருக்கலாம்.

இது பெரும்பாலும் அதிகாலையில் நடக்கும், இரவு முழுக்க உழைத்துக் களைத்த பிறகு. பக்கத்தில் இருப்பவருக்கும் அப்போதுதான் கண் அசரும்.

பிரஷர் நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் கால் ஐஸ் மாதிரி இருக்கிறதே?

உங்கள் கையை நம்புங்கள். ரத்த ஓட்டம் குறையும்போது குழந்தையின் உடம்பு நாடியை வேகப்படுத்தி, கை கால் ரத்தக் குழாய்களை இறுக்கி, ரத்த அழுத்தத்தைக் கடைசிவரை பிடித்து நிறுத்தும். பெரியவர்களைவிடக் குழந்தைகள் இதில் கெட்டிக்காரர்கள். அழுத்தம் இறங்கும்போது நிலைமை முற்றியிருக்கும். ஒன்று முதல் பத்து வயதுவரை, வயதை இரண்டால் பெருக்கி 70 கூட்டினால் வருவது மேல் அழுத்தத்தின் கீழெல்லை: ஐந்து வயதுக்கு 80. அதற்குக் கீழே போகும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சில்லிட்ட கால், ஓடும் நாடி, நெஞ்சில் நிறம் திரும்பத் தாமதம் மூன்றும் சேர்ந்தால் போதும்.

கைக்குழந்தை பால் குடிக்கவில்லை, உச்சிக்குழி உள்ளே போயிருக்கிறது. மாமியார் தோஷம் என்கிறார். மந்திரித்துக்கொண்டு வரலாமா?

உச்சிக்குழி உள்வாங்குவது உடம்பில் நீர் வற்றியதற்கு அடையாளம். வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருந்ததா என்று பார்த்துச் சொல்லுங்கள். அது புடைத்துத் துடித்தால் மூளைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். வழக்கமாகக் குடிப்பதில் பாதிகூடக் குடிக்கவில்லை, குடிக்கும்போதே வியர்க்கிறது, துணி நனையவில்லை என்றால் அடுத்த வேளைவரை பொறுக்காதீர்கள்.

கயிறு கட்டுவதையும் மசூதி வாசலில் ஓதி வாங்குவதையும் நான் தடுத்ததில்லை. அதையெல்லாம் வீட்டிலிருந்து வேறொருவர் வாங்கி வரட்டும். குழந்தை மட்டும் வார்டை விட்டு வெளியே போகக் கூடாது.

ராத்திரி முழுவதும் நான் விழித்திருக்க வேண்டுமா? வீட்டுக்காரர் கடலுக்குப் போய்விட்டார், மாற்றிவிட ஆள் இல்லை.

வேண்டாம், முடியவும் முடியாது. கண்காணிப்பது வார்டின் வேலை. நீங்கள் இரண்டாவது கண். படுக்கும் முன் மூச்சை எண்ணி, கடைசியாகச் சிறுநீர் போன நேரத்தையும் பால் குடித்த நேரத்தையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். நள்ளிரவை ஒட்டி ஒரு முறை, மூன்று நான்கு மணிக்கு ஒரு முறை பாருங்கள். சிஸ்டர் மருந்து போட வரும் நேரத்தோடு சேர்த்துக்கொண்டால் தனியாக எழ வேண்டியதில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாவோடு பேசி முறை வைத்துக்கொள்வதும் வழக்கம்தான்.

எழுதத் தெரியாவிட்டால் கைபேசியில் மூச்சு விடுவதைச் சின்னக் காணொளியாக எடுத்து வையுங்கள். மாலையில் ஒன்று, நடு இரவில் ஒன்று. காலையில் வரும் மருத்துவருக்கு நூறு வார்த்தையைவிட அது உதவும். பிற குழந்தைகள் அதில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டியூட்டி மாறும் நேரத்தில் யாரிடம் சொன்னாலும் "அடுத்தவர் வருவார்" என்கிறார்கள். என்ன செய்வது?

ஷிஃப்ட் மாறும் வேளைதான் என் கணக்கில் நள்ளிரவைவிட மோசமானது. போகிறவர் கிளம்பும் நினைப்பில் இருப்பார், வருகிறவருக்கு இன்னும் எந்தக் குழந்தையும் பழக்கமில்லை. குழந்தைகள் பிரிவு மருத்துவர்கள் ஒருவருக்கொருவர் ஒப்படைப்பதை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒன்பது மருத்துவமனைகளில் செய்து பார்த்தார்கள். மருத்துவத் தவறுகள் 23 விழுக்காடு குறைந்தன என்று 2014-ல் முடிவு வெளிவந்தது. மருந்து மாறவில்லை, கருவி மாறவில்லை. சொல்லும் முறை மட்டும் மாறியது.

நீங்கள் செய்யக்கூடியது: ஷிஃப்ட் மாறுவதற்கு அரை மணி முன்பே சந்தேகத்தைச் சொல்லிவிடுங்கள். இருவரும் கட்டிலுக்கு வரும்போது எழுந்து நில்லுங்கள். "மூச்சு வாங்குவதைப் புதுச் சிஸ்டரிடமும் சொல்லிவிட்டீர்களா?" என்று இருவர் முன்னிலையிலும் கேளுங்கள். அவசரம் என்றால் இதெல்லாம் வேண்டாம். கிளம்பிக்கொண்டிருப்பவர் கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள்.

திரும்பத் திரும்பச் சொன்னால் திட்டுகிறார்கள். எப்படிச் சொன்னால் கேட்பார்கள்?

"குழந்தைக்கு என்னவோ போல இருக்கிறது" என்றால், முப்பது குழந்தைகளைப் பார்க்கும் ஒருவருக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. நான்கு துண்டாகச் சொல்லுங்கள்: முன்பு எப்படி, இப்போது எப்படி, எப்போதிலிருந்து, உங்களுக்கு என்ன வேண்டும். "சிஸ்டர், பத்து மணிக்கு மூச்சு நாற்பது இருந்தது. இப்போது ஐம்பத்தெட்டு, விலாவில் குழி விழுகிறது. ஒரு மணி நேரமாக இப்படி இருக்கிறது. வந்து பாருங்கள், டாக்டரையும் கூப்பிடுங்கள்." இதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது யாருக்கும் எளிதில்லை.

அப்படியும் அசையவில்லை என்றால் டியூட்டி டாக்டர் அறைக்கு நேராகப் போங்கள். அரசு மருத்துவமனையில் அதற்கும் மேலே ஆர்.எம்.ஓ. என்ற உறைவிட மருத்துவ அலுவலர் இருப்பார். இது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 2007-ல் ரயன் சாண்டர்ஸ் என்ற சிறுவன் இறந்தான். மகன் மோசமாகிறான் என்ற பெற்றோரின் கவலைக்கு உரிய நேரத்தில் செவிசாய்க்கவில்லை. இங்கிலாந்தில் 2021-ல் மார்த்தா மில்ஸ் என்ற பதின்மூன்று வயதுப் பெண் ரத்தத்தில் பரவிய தொற்றால் இறந்தாள்; அங்கும் தாய் எச்சரித்திருந்தார். இரண்டு இடங்களிலும் குடும்பத்தார் நேரடியாக இரண்டாவது மருத்துவக் குழுவை அழைக்கும் முறை அந்தப் பிள்ளைகளின் பேரிலேயே பிறகு வந்தது. நம் ஊரில் அப்படி ஒரு முறை இன்னும் பழக்கத்துக்கு வரவில்லை. வர வேண்டும்.

வெளிநாட்டில் குழந்தைக்கு மார்க் போட்டு ஆபத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கிறார்களாமே?

ஆம். நடத்தை, ரத்த ஓட்டம், மூச்சு மூன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்றுவரை போட்டுக் கூட்டும் முறை ஒன்று இங்கிலாந்தின் பிரைட்டனிலிருந்து 2005-ல் வெளிவந்தது. முதல் பதிலில் சொன்ன அதே மூன்று; நிறம் காட்டுவது ரத்த ஓட்டத்தைத்தான். கூட்டுத்தொகை ஏறினால் மருத்துவரை அழைக்க வேண்டும். அதற்குப் பிறகு பல வடிவங்கள் வந்தன. கனடாவில் உருவான ஒன்றை ஏழு நாடுகளில் 21 மருத்துவமனைகளில் சோதித்தார்கள். 2018-ல் வந்த முடிவின்படி இறப்பு விகிதம் குறையவில்லை. எண் போடுவதால் மட்டும் குழந்தை பிழைப்பதில்லை. எண்ணைப் பார்த்து யாராவது ஓடி வர வேண்டும், வந்தவருக்குச் செய்ய வசதியும் இருக்க வேண்டும். இங்கிலாந்து 2023-ல் நாடு முழுவதற்குமாகக் கொண்டுவந்த படிவத்தில் பெற்றோரின் கவலைக்கும் தனிக் கட்டம் இருக்கிறது.

அந்த மார்க் பகலுக்கும் இரவுக்கும் ஒன்றுதானா?

எங்கள் வார்டில் பயிற்சிக்கு வந்த ஒரு செவிலியர் மாணவி கேட்டது. சரியான இடத்தில் கை வைத்தாள். பிரைட்டன் முறையில் விளையாடும் குழந்தைக்கு நடத்தையில் பூஜ்யம், தூங்கும் குழந்தைக்கு ஒன்று, சிணுங்கிக்கொண்டே இருந்தால் இரண்டு, மந்தமாகக் கிடந்தால் மூன்று. இரவில் நன்றாக இருக்கும் குழந்தைக்கும் ஒன்று விழும், அது பரவாயில்லை. மந்தமாகக் கிடக்கும் குழந்தையைத் தூக்கம் என்று நினைத்து மூன்றுக்குப் பதில் ஒன்று போட்டால்? அதோடு தூக்கத்தில் நாடியும் மூச்சும் குறைவதால் மற்ற இரண்டிலும் எண் இறங்கும். ஆக, அதே குழந்தை பகலில் ஐந்தும் இரவில் இரண்டும் வாங்கக்கூடும், நோய் இம்மியும் குறையாமல்.

அதற்கு மாற்று, எழுப்பிப் பார்த்து எழுதுவதுதான். எல்லாக் குழந்தையையும் இரண்டு மணிக்கொரு முறை எழுப்புவதும் கொடுமை, தூக்கமும் மருந்துதான். மாலையில் நன்றாக இருந்து, நாடியும் மூச்சும் தூக்கத்தில் ஒழுங்காகக் குறைந்த குழந்தையை விட்டுவிடலாம். மாலையிலேயே சந்தேகம் இருந்த குழந்தையை, தூக்கத்திலும் எண் குறையாத குழந்தையை, டெங்குவின் ஆபத்துக் கட்டத்தில் இருக்கும் குழந்தையை எழுப்பியே ஆக வேண்டும். யார் யாரை எழுப்புவது என்று மாலை ரவுண்ட்ஸிலேயே பேர் சொல்லி முடிவு செய்துவிட்டால் இரவில் தர்க்கம் இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரே வரமாட்டார்களா?

பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் இல்லாமல் போகலாம். டியூட்டி டாக்டர் எப்போதும் உண்டு. சனிக்கிழமை காலையே, "திங்கள்வரை என்ன பார்க்க வேண்டும், எது நடந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நள்ளிரவில் "எழும்பூருக்குக் கொண்டு போங்கள்" என்கிறார்கள். விடிந்ததும் போகிறோமே?

சிறிய மருத்துவமனையிலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்கோ ஸ்டான்லிக்கோ அனுப்பினால், இங்கே இல்லாத ஏதோ ஒன்று குழந்தைக்குத் தேவைப்படுகிறது என்று அர்த்தம். விடியலுக்குக் காத்திருந்தால் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளோடும், ரயில்வே கேட்டோடும் மல்லுக்கு நிற்க வேண்டியதாகும். 108-ஐ வரவழையுங்கள், ஆட்டோவும் இருசக்கர வண்டியும் வேண்டாம், அவற்றில் ஆக்சிஜன் கிடையாது. கடைசியாகக் கொடுத்த மருந்து, நேரம், டிரிப்ஸின் அளவு எழுதிய கடிதத்தைக் கையில் வாங்காமல் ஏறாதீர்கள். போகும் இடத்துக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார்களா என்றும் கேளுங்கள்.

பக்கத்துக் கட்டில் குழந்தை சரியில்லாத மாதிரி இருக்கிறது. அவன் அம்மா தூங்குகிறார். நான் சொன்னால் தப்பாக நினைப்பார்களா?

நினைத்தால் நினைக்கட்டும். முதலில் அந்த அம்மாவை எழுப்புங்கள், பிறகு சிஸ்டரிடம் கட்டில் எண்ணைச் சொல்லி, நீங்கள் பார்த்தது என்ன என்பதையும் சொல்லுங்கள்: முனகல், நிறம், அசைவில்லாதது, எதுவோ அது. அம்மாவை எழுப்ப நேரமாகும்போல் தெரிந்தால் சிஸ்டரை முதலில் கூப்பிடுங்கள்.